இந்த வாரமும் பெண்டிங்

மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணெதிரே நடந்த ஒன்றைக் கவனிக்காமல் கோட்டை விட்டேன். நான் மட்டும் என்றால் பரவாயில்லை, வயசாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கூடவே அறுபது பேர் இருந்தார்கள். பாஸ்டரும் இருந்தார்.

பாஸ்டரா, நீங்கள் எங்கே சர்ச்சில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளையார் கோயிலுக்கே ஸ்கூட்டரை நிறுத்தாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற ஆள் நான்.

ஓசூரில் எங்கள் லேஅவுட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தேவராஜ். கம்பெனி பஸ் டிரைவர். ராயக்கோட்டை பக்கத்திலிருந்து ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி வருவார். தமிழ், தெலுங்கு, கன்னடம்... மூன்றிலும் வாய் ஓயாது. சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்க முக்கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்தி வைத்த கதையை என்னிடம் மட்டும் நாலு முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு யானை கூடும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. இடது கையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். பேச்சு வரவில்லை. மூன்று மொழிக்காரருக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில்தான் உதடுவரை வந்து நின்றுவிடுகிறது.

மனைவி ஸ்டெல்லா. மோட்டார் பார்ட்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வீட்டுக்காரர் தன்னை ஒரே ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

தேவராஜால் பஸ் ஏற முடியாது. ஷேர் ஆட்டோவும் சிரமம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில் கொண்டுபோய் விடுவேன். ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் ஷீட் போட்ட ஹால்தான் சர்ச். அவர்களை இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வேன். ஸ்பீக்கர் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கும் — டீக்கடைக்காரரும் நானும் கிட்டத்தட்ட பாதி மெம்பர்கள்.

ஆராதனை நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று வரும். ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஆட்கள் எழுந்து நின்று மைக்கில் சொல்வார்கள். மகன் அரியர்ஸை கிளியர் பண்ணிவிட்டான், ஸ்தோத்திரம். வயிற்றிலிருந்த கட்டி கரைந்துவிட்டது, ஸ்தோத்திரம். எல்லாமே முடிந்த காரியங்கள்.

முதல் வாரம் ஸ்டெல்லா எழுந்தார்.

“எங்க வூட்டுக்காரருக்குப் பேச்சு வரணும்னு கேட்டிருந்தேன். வரல. இந்த வாரமும் பெண்டிங். ஸ்தோத்திரம்.”

எனக்கு டீ புரையேறிவிட்டது. அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும்.

பாஸ்டர் நல்ல மனிதர். ஒருநாள் வாசலில் வைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நல்ல செய்தி வந்ததும் சாட்சி சொல்லலாமே, சகோதரி?”

“நல்ல செய்தி வந்தா நான் எதுக்குங்கய்யா சொல்லணும்? அவரே பேசிடுவாரே.”

பாஸ்டர் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது காரில் நான் கேட்டேன். “ஏம்மா, கேட்டதுதான் கிடைக்கலையே... அதையே எதுக்கு வாராவாரம் மைக் பிடிச்சுச் சொல்றே?”

“கம்பெனியில ஷிஃப்ட் முடியறப்போ எது ஓடலையோ அதைத்தான் சார் மொதல்ல எழுதி வெக்கணும். ஓடற மெஷினைப் பத்தி எழுதி என்ன ஆவப்போவுது? எழுதாம வந்துட்டா அடுத்த ஷிஃப்ட்டுல அதை யாரும் பாக்க மாட்டாங்க. என்னால ஆவறத நான் செஞ்சிட்டேன், மிச்சத்த ஆண்டவர்கிட்ட ஒப்படைக்கிறேன். அவருக்கு ஷிஃப்ட் முடியறதே இல்லிங்களே.”

முன் சீட்டில் தேவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். நம்மில் யார் பெண்டிங்கை வெளியே சொல்கிறோம்? ஸ்டேட்டஸில் புதுக் காருக்கு மாலை போட்ட படம் வரும். லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயிலான படம் வருமா? நானே என் கண் ஆபரேஷனைப் பற்றி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதானே இந்தப் பக்கத்தில் எழுதினேன்? அதற்கு முந்தைய மூன்று வாரமும் உள்ளே நடுங்கிக்கொண்டு, இங்கே உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லாவின் பழக்கம் மெல்ல மற்றவர்களுக்கும் தொற்றியது. அத்திப்பள்ளியிலிருந்து வருகிற ஒரு கன்னடக்காரர் எழுந்து, மகளுக்கு ஆறு வருடமாக வரன் பார்ப்பதைச் சொல்லி, “இன்னூ ஆகில்ல” என்று கையை விரித்தார். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. ஒரு வாரம் பாஸ்டரே தன் சுகர் குறையவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஸ்டெல்லா எப்போதும் திடமாக இருந்தார் என்று எழுதினால் பொய். இத்தனை மாதத்துக்குப் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று தெரபிஸ்ட் சொன்ன வாரம், சர்ச் வாசலில் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கி எழுந்து நிக்க மனசே இல்லிங்க சார்.”

தேவராஜ்தான் ஊன்றுகோலால் கதவைத் தட்டி இறங்க வைத்தார். அன்றைக்கு ஸ்பீக்கரில் “பெண்டிங்” வரைக்கும் வந்து குரல் நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து ஸ்தோத்திரம் வந்தது.

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

அன்று ஸ்டெல்லாவுக்கு அவசர டியூட்டி. சர்ச் இல்லை என்று நான் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட் ஓசை கேட்டது. பார்த்தால் தேவராஜ். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஊன்றுகோலைத் தூக்கி என் காரைக் காட்டினார்.

தனியாக விட முடியுமா? முதல் முறையாக உள்ளே போய் அவர் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாட்சி நேரம் வந்தது. தேவராஜ் எழுந்துவிட்டார். பாஸ்டர் ஓடிவந்து மைக்கை நீட்டினார். இவர் ஊன்றுகோலை நாற்காலிமேல் வைத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

“பெ...”

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

“பெ... பெ...”

கழுத்து நரம்பு புடைத்தது. அறுபது பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா தன் வாயை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். வார்த்தை வரவில்லை. பாஸ்டர் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். தேவராஜ் உட்கார்ந்தார். எனக்கு மனசே சரியில்லை. இவரை ஏன்தான் கூட்டி வந்தோமோ என்றிருந்தது.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லாவிடம் கேட்டருகே நின்று நடந்ததைச் சொன்னேன். சமாதானமாக ஏதாவது சேர்த்துச் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

“மைக்க யாரு சார் புடிச்சிட்டிருந்தா?”

“அவரேதான்.”

“எந்தக் கையில?”

“இடது கையில. வலது கைதான் தூக்க வராதே.”

“அப்ப கோலு?”

யோசித்தேன். “நாற்காலி மேல.”

“அவர யாராச்சும் புடிச்சிட்டிருந்தீங்களா?”

இல்லை. பாஸ்டர் இரண்டடி தள்ளி நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில்.

“ஒன்பது மாசமா கோலை உட்டு அவரு ஒரு நிமிஷம் நின்னதில்ல சார்.”

என் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நான் டீக்கடைக்குப் போகவில்லை. ஸ்டெல்லா எழுந்து வழக்கமான குரலில் சொன்னார்.

“பேச்சு பெண்டிங். நிக்கிறது ஓகே. ஸ்தோத்திரம்.”

இரண்டு நிமிடம்... அறுபது பேர்... நூற்றிருபது கண்கள். ஒருவராவது அவர் காலைப் பார்த்திருக்கலாம்.