சத்தம் இல்லாத பதினாறு நாட்கள்

"மிதிங்க சார், மிதிங்க. நிறுத்தாதீங்க, நான் கூடவேதான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிள்காரக்கா ஓடுகிறார். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் வங்கி மேலாளர். அவருடைய டை தோளுக்குப் பின்னால் பறக்கிறது. அக்கா ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, காதை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தபடி முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவார். மூன்றாவது சுற்றில் கையை எடுத்துவிட்டு நின்றுவிடுவார். "எறங்குங்க. இடது பெடல்."

கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தின் கடைசி மூலையில் அவர் கடை. பக்கத்து அறையில் நான் துணி தைக்கிறேன். என் மிஷினுக்கு நேராக ஜன்னல், ஜன்னலுக்கு நேராக அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரரின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொள்வார். வலது பாக்கெட்டில் நட்டுகள், இடது பாக்கெட்டில் சக்கரத்துக்குள் போடுகிற பால்ரஸ் குண்டுகள். குனியும்போது கொட்டாமலிருக்க இரண்டு பாக்கெட்டுக்கும் ஊக்கு. பட்டன் வைத்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "ஊக்கே இருக்கட்டும்மா. முள்ளு குத்தின டயரை நோண்ட ஊக்கு வேணும். பட்டனை வச்சு என்ன நோண்டுறது?" என்றார்.

"சைக்கிள்ல என்னமோ சத்தம் வருது" என்று யாராவது ஆரம்பித்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "கதை வேணாம். சத்தத்தை மட்டும் சொல்லுங்க." அந்தச் சத்தத்தை அவர்கள் வாயால் செய்து காட்ட வேண்டும். ஒரு தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் "கிச்... கிச்..." என்றதை நான் பார்த்திருக்கிறேன். "கிச்சா, கீச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அக்கா சிரிக்காமல் கேட்டார். அவரும் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "கிச்தான்" என்றார். கிச் என்றால் சீட் பைப். டக் என்றால் பெடல். கறக் என்றால் பெடல் கட்டை சுற்றுகிற இடம். இது அக்காவின் கணக்கு. பெரும்பாலும் தப்பியதில்லை.

இத்தனை இருந்தும் அவர் ஏன் மற்றவர்களை ஓட்டவிட்டுப் பின்னால் ஓடுகிறார் என்று எனக்கு இரண்டு வருடமாகப் புரியவில்லை. ஒருநாள் பழுது பார்த்த சைக்கிளை எதிர்க் கட்டிடத்தில் விட்டுவர, அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். ஏறிப் போகலாமே என்றேன். "ஏறி? எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார், வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல. என் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிள் தொழிற்சாலையில் வேலையாம். "பன்னெண்டு வருஷம் பூட்டிப் பூட்டி அனுப்பினேன். ஒருநாள் ஏறித்தான் பாரேன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல." அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கடையில் யாராவது இருந்தால் போதும், "என் பொண்டாட்டி சைக்கிள்லேருந்து விழுந்ததா சரித்திரமே கிடையாது. ஏறினாத்தானே விழறதுக்கு" என்பார். அக்கா ஸ்பேனரைக் காட்டுவார்.

வேலையில் அக்காவுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. சத்தம் என்று வந்த சைக்கிளில் ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் தொடுவார். கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டி, ஓட்டச் சொல்லிக் கேட்பார். நிற்கவில்லை என்றால்தான் அடுத்த இடம். "நாலு எடத்துல கை வச்சு சத்தம் நின்னுச்சுன்னா, எது கத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" இதற்கு அரை நாள் ஆனாலும் ஆகும். அவசரப்படுகிறவர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவார்.

நர்ஸை மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

அந்த நர்ஸ் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர். எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடியிலும் அவருக்கு ஒரு நோயாளி இருக்கிறார். போன மாதம் யாரிடமோ பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கியிருந்தார். நீல நிறம், தடித்த டயர், இருபத்தோரு கியர். பின்னால் கேரியர் வைத்து மருந்துப் பையைக் கட்டியிருந்தார். கட்டிடத்தை விட்டு வெளியே வந்தால் தெரு பாலம் வரைக்கும் ஒரே சரிவு. சரிவு முடிகிற இடத்தில் பஸ்கள் திரும்பும். தினமும் அதில்தான் இறங்குவார்.

"க்ரெக்... க்ரெக்..." என்று நர்ஸ் வெட்கப்படாமல் செய்து காட்டினார். "மிதிக்கிறப்போ வருது. மேடு ஏறினா ஜாஸ்தி. அக்கா, பதினஞ்சு நிமிஷத்துல ஒரு ஊசி இருக்கு. ஏதாவது பண்ணுங்களேன்."

அக்கா சைக்கிளைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். பிறகு நீள மூக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்து, சீட் பைப், பெடல், செயின், ஹேண்டில் கழுத்து என்று எல்லா இடத்திலும் விட்டார். கழுத்தில் விட்டது வழிந்து கீழே ஓடியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நர்ஸ் ஒரு சுற்றுப் போய்விட்டு இரண்டாவது சுற்றில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சத்தம் நின்றிருந்தது. கேட்டைத் தாண்டி அவர் போகும்வரை அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கும் அப்போது எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

பதினாறு நாள் கழித்து நர்ஸ் திரும்பி வந்தார். இந்த முறை விடுமுறை நாள். அவசரமில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சுக்கா. நேத்து ராத்திரியிலேருந்து."

பஞ்சர் ஒட்ட வந்த பெரியவர் ஒருவர் அங்கே கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தன் முறை வர நேரமாகும் என்று தெரிந்ததும் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அக்கா தன் வழக்கப்படி ஆரம்பித்தார். இரண்டு பெடலையும் கழற்றி வேறு சைக்கிளின் பெடலைப் பூட்டினார். ஓட்டச் சொன்னார். க்ரெக். சீட் பைப்பை உருவித் துடைத்துப் போட்டார். க்ரெக். சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதிக்கச் சொன்னார். க்ரெக். பல் சக்கரத்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். பின் சக்கரத்தை மாற்றிப் பார்த்தார். க்ரெக்.

"பேய் பிடிச்சிருக்கோ என்னமோ" என்றார் பெரியவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேயா இருந்தா வாயால கேட்டுடலாம் சார். இது பேசமாட்டேங்குது."

அடுத்த சுற்றில் அக்கா சீட்டைப் பிடிக்கவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே பெடல் பக்கமாக இறங்கும் தடித்த குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஓடினார். பாதிச் சுற்றில் நின்றுவிட்டார். நர்ஸ் அது தெரியாமல் மிதித்துக்கொண்டே போனார்.

"எறங்குங்க சிஸ்டர்."

அக்கா அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. நர்ஸுக்குக் காதில் விழவில்லை. அக்கா ஓடிப்போய் ஹேண்டிலை மறித்துப் பிடித்தார்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். தடித்த குழாயின் அடிப்பக்கம் சேறும் எண்ணெயுமாக இருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தபோது, ஹேண்டில் கழுத்தை ஒட்டி மஞ்சள் மின்னல் ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது.

"இது யார் ஒட்டினது?"

"வாங்கும்போதே இருந்துச்சுக்கா. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

அக்கா நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். பெரியவர் எழுந்துவந்து குனிந்து பார்த்தார். "ஏதோ முடி ஒட்டியிருக்கு பாரு" என்று விரலால் எடுக்கப் போனார். முடி வரவில்லை. குழாயைச் சுற்றிப் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அக்கா ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முன் சக்கரத்தை மெல்ல அழுத்தினார். அந்த முடி அகலமானது. க்ரெக். கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. மூடும்போது ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய் வெளியே வந்து நின்றது.

இரண்டு சக்கரத்துக்கு நடுவே அந்தக் குழாயில் பாதிகூட மிச்சம் இல்லை. யாரோ ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு, கடைக்குப் போய் ஒரு ஸ்டிக்கர் வாங்கி, கோணல் இல்லாமல் அளவாக ஒட்டி, காசு வாங்கிக்கொண்டு கையசைத்து அனுப்பியிருக்கிறார்.

"வெல்டிங் வச்சாப் போச்சு" என்றார் பெரியவர், குரல் எழும்பாமல்.

"அலுமினியம் சார். பத்த வச்சாப் பாக்க அம்சமா இருக்கும். சரிவுல எறங்கறப்போ கையில ஹேண்டில் மட்டும் மிஞ்சும்."

நர்ஸ் அந்த விரிசலைப் புண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலை மேலே வைக்காமல் அளந்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "நல்லவேளை உங்ககிட்ட வந்தேன். வேற கடைன்னா சும்மா எண்ணெய் விட்டு அனுப்பியிருப்பாங்க."

"இவ காது அப்படிம்மா" என்றார் பெரியவர்.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டார்கள், விரிசலையும் கண்டுபிடித்தாயிற்று. அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எண்ணெய் விட்டு அனுப்பினது நான்தான் சிஸ்டர்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு. நீங்க ஊசிக்குப் போகணும்னீங்க. நான் எல்லா எடத்துலயும் ஊத்தினேன். கழுத்துலேருந்து வழிஞ்சு இதுக்குள்ள போயிருக்கு. அதான் சத்தம் நின்னுச்சு. விரிசல் நிக்கல. அது பாட்டுக்கு வளந்திருக்கு. இது அப்பவே சொல்லிக்கிட்டுதான் இருந்துச்சு சிஸ்டர். நான்தான் வாயை அடைச்சேன்."

"நான்தானேக்கா அவசரப்படுத்தினேன்."

"அவசரப்படுத்தினது நீங்க. அவசரப்பட்டது நான். உங்களுக்கு சைக்கிளைப் பத்தித் தெரியணும்னு இல்ல. எனக்குத் தெரியும்."

பெரியவர் எழுந்துவிட்ட பெட்டியில் நர்ஸ் உட்கார்ந்தார். பேசியபோது அது அக்காவிடம் பேசியதுபோல இல்லை.

"முன்னாடியெல்லாம் சரிவுல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் எறங்குவேன். அந்தச் சத்தம் பயமா இருக்கும். சத்தம் நின்னப்புறம்தான் பிரேக்கை விட்டேன். பதினாறு நாளும் விட்டுட்டுத்தான் போனேன். நேத்து சாயங்காலம் மகளைப் பின்னால உக்கார வச்சிருந்தேன். இன்னும் வேகமா போம்மான்னா."

அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்து நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் குடித்தார். பிறகு கேரியரிலிருந்து மருந்துப் பையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சைக்கிள் இங்கேயே கிடக்கட்டும் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு, "வர்றேங்க்கா" என்று கேட்டைத் தாண்டிச் சரிவில் நடந்து இறங்கினார். வழக்கமாக அவர் அரை நிமிடத்தில் மறைந்துவிடும் தெரு அது. அன்று வெகுநேரம் தெரிந்துகொண்டே இருந்தார். அவர் மறையும்வரை அக்கா நின்றார்.

பெரியவர் மெல்லக் கனைத்தார். "அப்போ என் பஞ்சர்..."

அக்கா அவருடைய சைக்கிளை இழுத்தார். சக்கரத்தைக் கழற்றவில்லை. அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, முன் கழுத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டே வந்தார். குழாயின் அடியில் வெளுத்துப்போன யானைப் படம் ஒன்று இருந்தது.

"அது என் பேரன் ஒட்டினதும்மா. ஆறு வருஷமா இருக்கு. நான் பஞ்சர் மட்டும்தானே போடச் சொன்னேன்."

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, யானையின் வால் பக்கம் நகத்தைக் கொடுத்தார்.