பர்ஸில் இருந்த சீட்டு

எங்கள் வீட்டில் ஞாபகசாலி நான், மறதிக்காரர் என் கணவர். தேக்கா மார்க்கெட்டில் மூன்று சாமான் வாங்கவும் சீட்டு எழுதிக்கொண்டு போவார். விருந்தாளிகள் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் அவருக்குத் தொண்டை வீங்கிப் பேச்சே வரவில்லை. ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரும் தமிழர்தான். "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்ல டாக்டர். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

கணவர் வேகமாகக் கையாட்டிவிட்டு, பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். 'எனக்குப் பென்சிலின் ஆகாது' என்பது முதல் வரி.

"நல்ல வேளைம்மா, அந்த வகை மருந்துதான் கொடுக்க இருந்தேன்" என்றார் டாக்டர்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. கல்யாணமான புதிதில் அந்த மருந்தால் அவர் முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் என் சிநேகிதியின் கல்யாணத்துக்கு நான் போக முடியவில்லை. போகாத கல்யாணம் மறக்கவில்லை, அவர் வீங்கிக் கிடந்தது மறந்துவிட்டது.

சீட்டின் இரண்டாம் வரி, 'சுமதிக்கு இறால் ஆகாது.' சுமதி நான்தான்.

இப்போது என் பர்ஸிலும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, பாதியை அவரிடமே கேட்க வேண்டியிருந்தது. அவர் சிரிக்காமல் சொன்னார்.