காலண்டர் தாள்களோடு திருவள்ளூர் நூலகர் கூட்டத்துக்கு

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் கார்த்தி டிப்ளமோ முடித்து பம்ப் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம். அவன் தம்பி பிரவீன் ஐடிஐ வெல்டிங் போட்டியில் இரண்டாம் இடம். முதல் இடம் வாங்கின பையனுடைய வெல்டிங்கை நானும் பார்த்தேன், அதைப் பற்றி வேறொன்றும் சொல்ல மாட்டேன். கடைசிப் பேத்தி யாழினி நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டம் வரைக்கும் போய் வந்தாள். நான் நோட்டில் எழுதுவதை இந்த இணையப் பக்கத்தில் டைப் அடிப்பதும் அவள்தான். பெரிய பேத்தி நித்யா நூலகப் படிப்பில் பட்டம் வாங்கி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரம் எங்கள் தெருவிலேயே இருக்கிற சின்ன நூலகத்தில் நூலகராக இருக்கிறாள். இந்தப் பயணம் அவளோடு போனது.

போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வாசகர் வருகை குறைவாக இருக்கிற நூலகங்களைப் பக்கத்தில் உள்ள பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். எங்களுக்குப் பக்கத்தில் என்றால் ஆறு கிலோமீட்டர். திருவள்ளூரில் நூலகர்கள் கூட்டம் நடக்கிறது, அங்கே பத்து நிமிஷம் பேசலாம் என்று நித்யாவுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நூலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் ஏழு மணிக்கே கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒன்பது மணிக்கு அவர்கள் தூக்கத்தில் இருப்பார்கள், எழுந்து வந்தால் நூலகம் பூட்டியிருக்கும். அதனால் நேராக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நூலகச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் போய்த் திறந்து புத்தகம் கொடுத்து, பேரையும் புத்தக நம்பரையும் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். நித்யா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். வேலையில் இல்லாத ஆள் புத்தகம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் ரிஜிஸ்டரில் ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஆறு பேர்தான். மீதிப் பேர் என் தாளில்.

கிளம்புவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஆயா, நீ கூட வர்றது எனக்குத் துணைக்கு. காலையில புக்கு குடுக்கற கதைய அங்க எடுக்கவே கூடாது. என் வேலை பூடும்." சரி என்றேன். தாள்களைக் கட்டி, துணிப்பையில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

காலை 6.10க்கு வீட்டை விட்டோம். பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது ரூபாய். 6.25க்கு டவுன் பஸ், லேடீஸுக்கு டிக்கெட் கிடையாது, 6.50க்கு புதுவாயல் கூட்டுரோடு. அங்கே பதினைந்து நிமிஷம் நின்று, எங்கள் பக்கத்து ஆரணி வழியாகப் பெரியபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம், செவ்வாய்க்கிழமை, பாதிப் பேர் அம்மன் கோயிலுக்கு, மஞ்சள் புடவை. கண்டக்டர் என் பையைப் பார்த்து, "யம்மா, அத்த மடியில வெச்சிக்கோ. இல்லாட்டி அதுக்கும் டிக்கெட் போட்ருவேன்" என்றார்.

"போடு நைனா. உள்ள நூறு பேரு கீறாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நித்யா சிரிக்கவில்லை. பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7.40க்கு பெரியபாளையம். கோயில் தெருவில் நாஷ்டா, இரண்டு பேருக்கு நூறு ரூபாய். இட்லி பரவாயில்லை, சட்னியில் தண்ணீர் அதிகம். 8.10 பஸ் பிடித்து 9.10க்கு திருவள்ளூர். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கூட்டம் பத்து மணிக்கு.

நித்யாவின் முறை 11.20க்கு வந்தது. நன்றாகத்தான் பேசினாள். ஷிப்ட் நேரம், பஸ் வரும் நேரம் எல்லாம் சொல்லி, நூலகத்தைக் காலை ஆறரைக்குத் திறக்க அனுமதி கேட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காலையில ஆள் வருவாங்கன்னு எதை வெச்சும்மா சொல்றே?" நித்யா என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "தெரிஞ்சவங்க சொன்னாங்க மேடம்" என்றாள். சரி, உட்காரு என்று சொல்லிவிட்டார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு வரிசையில் அந்த அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன். தாள் கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "காலையில வர்ற ஆளுங்க இவங்கதான். புக்கு குடுத்தது நானு, எம் பேத்தி இல்ல" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு லீவு. வெள்ளிக்கிழமைத் தாள்லயும் பத்துப் பேர் இருக்காங்க. நேத்து உக்காந்து எழுதினதா இது?"

நித்யா ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"யம்மா, காலண்டர காலையில கிழிக்கும்போது கையில வர்றது முந்தின நாள் தாளு. சனிக்கிழம குடுத்த புக்க வெள்ளிக்கிழமத் தாள்லதான் எழுதுவேன். வெள்ளிக்கிழம நான் தொறக்கறதில்ல. அன்னிக்கி கிழிக்கற வியாழக்கிழமத் தாளு ஒண்ணாச்சும் கீதா, பாருங்க."

அவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வியாழக்கிழமை ஒன்றுகூட இல்லை. ஒரு தாளை உருவி, "இந்த முருகனுக்கு போன் போடு" என்றார். போட்டேன், ஸ்பீக்கரில்.

"ஆயா, இப்பத்தான் கண்ணு அசந்தேன். இன்னா வேணும் உனக்கு? புக்கு தலமாட்டுல கீது, பத்து பக்கம் பாக்கி, நாளைக்கு காத்தால தரேன். வையி போன."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நித்யாவிடம் சொன்னார்: "மூணு மாசம் காலை ஆறரைக்குத் திற. ரிஜிஸ்டர்ல ஆள் தெரியணும். தெரிஞ்சா சேக்கற பேச்சு இருக்காது, தெரியலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே சாவி உன் கையில மட்டும்தான். அடுத்த தடவை இப்படிக் கேள்விப்பட்டா மேலிடத்துக்கு எழுதித்தான் அனுப்புவேன்."

மூன்று மணிக்கு அந்த ஊர்ப் பெரிய நூலகத்தைச் சுற்றிப் பார்த்தோம். வாசலிலேயே தபால் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. பூட்டியிருக்கிற நேரத்திலும் புத்தகத்தை அதில் போட்டுவிட்டுப் போகலாம். நித்யா அளவெடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ரயில். திருவள்ளூரில் 4.40க்கு ஏறி, சென்ட்ரல் போய் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டிக்கு 7.35. சுற்றுதான், ஆனால் உட்கார இடம் கிடைக்கும். இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். பொன்னேரி தாண்டினதும்தான் வாய் திறந்தாள்.

"சாவியக் குடு ஆயா."

காலையில் ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்ததைக் கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தாள். "நானே சொல்லியிருக்கணும்" என்றாள். அப்புறம் கும்மிடிப்பூண்டி வரைக்கும் என் தோளில் தூங்கினாள்.

இது மூன்றாவது வாரம். ஆறரைக்கு நித்யா திறக்கிறாள். நேற்று ஏழரைக்குள் பதினான்கு கையெழுத்து. நானும் தினம் போய் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு, பேப்பர் படித்துவிட்டு வருகிறேன். முதல் இரண்டு நாள் அலமாரிப் பக்கம் கை தானாகப் போனது; இப்போது போவதில்லை. மூன்று மாதம் முடியவில்லை, முடியட்டும்.

இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: காலையில் பஸ், சாயங்காலம் ரயில். தண்ணீர் கொண்டு போங்கள். உங்கள் நூலகத்தின் கணக்கு எந்தக் கிழிந்த தாளில் இருந்தாலும் தேதியைக் கையால் எழுதி வையுங்கள். கேள்வி கேட்கிறவரிடம் பதிலை அங்கேயே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு வரிசை வரைக்கும் கொண்டு போகாதீர்கள்.

நித்யா, இந்தப் பக்கத்தின் உச்சியில் நம் நூலகம் என்று பூட்டின கதவுப் படம்தான் இன்னும் கிடக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் யூனிபாரத்தோடு உள்ளே நிற்கும்போது புதுசாக ஒன்று எடுத்துப் போடும்மா. நீ நடுவில் நில்லு.