துரையை எழுப்பிய ஆங்கிலம்

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கண்ணில் படுவதற்கு முன் கட்டளை காதில் விழுந்துவிடும். விடியலில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் விரட்டுகிறது. இன்று எண்ணினேன். ஒன்பது வினைகள், ஒன்பதும் ஏவல். தஞ்சாவூர்ப் பக்கம் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, இங்கே லாரி ஓட்டும் மகனோடு இருக்கக் கடல் கடந்து வந்தவன் நான். வினைக்கு 'மூட்' உண்டு என்று நடத்துவேன். உள்ளதைச் சொன்னால் இண்டிகேட்டிவ், ஏவினால் இம்பெரேட்டிவ், இல்லாததை நினைத்துச் சொன்னால் சப்ஜங்டிவ். கரும்பலகையில் ஏவலுக்கு இரண்டாம் இடம்தான். இங்கே அது ஒன்றுதான் புழங்குகிறது.

பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. கொழுந்து பறித்தே முழங்கால் போய்விட்டது. வேலையில் இருக்கும்வரைதான் லைன் வீடு என்பது தோட்டத்து வழக்கம். தோட்ட ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலை காலியானதும், துரையிடம் ஆங்கிலத்தில் கேட்கவேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

"தெரிஞ்ச இங்கிலீஸ சொல்லும்மா."

"பொறந்ததுலேருந்து கேக்குறதுதானே வாத்தியாரே. கம் ஹியர். லுக். டோன்ட் டாக்."

"எல்லாம் ஏவல். துரைகிட்ட அப்படிப் பேசலாமா? 'மை நீ இஸ் பேட்'னு உள்ளதைச் சொல்லணும்."

ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். ஆபீசுக்கும் துணைக்குப் போனேன். ஏன் கொழுந்து பறிக்க முடியவில்லை என்று துரை கேட்டார். காளியம்மாவுக்கு என் பாடம் மறந்துபோயிற்று. பிறகு, "கம் ஹியர்! லுக்!" என்று சேலையைச் சற்று உயர்த்தி வீங்கிய முழங்காலைக் காட்டினாள். அவர் வாயைத் திறந்ததும், "டோன்ட் டாக்!" மகன் வேலையும் போயிற்று, எங்கள் வீடும் போயிற்று என்று நினைத்தேன்.

துரை நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வரிசையில் நிறுத்த இவள்தான் சரி என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேச்சுதான், இந்த நாட்டு வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' ஒட்டி. "நீங்க சொல்லிக்குடுத்த இங்கிலீசுக்கு எந்திரிச்சிருப்பாரா லா?"

வீடு நிலைத்ததும் அவள் வாசலில் சௌசௌ கொடி நட்டாள். அது எங்கள் கூரைக்கும் ஏறிவிட்டது. அதன் காயைத்தான் சமைக்கிறோம். நான் கறிவேப்பிலைக் கன்றை மண்ணில் இறக்காமல் பிஸ்கட் டின்னிலேயே வைத்திருக்கிறேன், ஊருக்குக் கிளம்பினால் தூக்கிக்கொள்ளலாம் என்று. கப்பலில் செடி ஏற்றவிட மாட்டார்கள் என்கிறான் மகன். வேர் டின்னைத் துளைத்துத் தரைக்குள் இறங்கியிருக்கிறது. நேற்று நகர்த்திப் பார்த்தேன், வரவில்லை.