மூன்றாம் நம்பர் வரி

ஸ்கேன் சென்டரில் அவரை டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் பார்த்துக்கொண்டே நம்பர் சொல்லுவார். இவர் அந்த நம்பர் பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட்டில் அதற்கான வரி முழுசாக வந்து விழும். ஒன்று, எல்லாம் சரி. இரண்டு, பித்தப்பையில் கல். மூன்று, கல்லீரலில் கொழுப்பு. நாள் முழுக்க மூன்றுதான். சர்க்கரை, பிரஷர், தொப்பை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூன்று. கவுண்டரில் யாராவது ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்து முழித்தால், அது எல்லாருக்கும் இருக்கிறதுதான், போங்க என்று அனுப்பிவிடுவார். மனுஷன் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

டீச்சருக்கு, அதாவது அவர் மனைவிக்கு, சர்க்கரை வந்து பல வருஷம். ஆறு வருஷத்துக்கு முன்னால் வயிறு உப்புசம் என்றதும் அவரே கூட்டிவந்து ஸ்கேன் எடுக்க வைத்தார். உள்ளேயிருந்து "மூணு" என்று குரல் வந்தது. தட்டினார். அடியில் மருத்துவரிடம் காட்டவும் என்று இருந்தது. அது எல்லா ரிப்போர்ட்டிலும் கிடக்கிற சமாச்சாரம். வீட்டில் டீச்சர் கேட்டதற்கு, கவுண்டரில் சொல்லுகிற அதே பதிலைச் சொன்னார். ரிப்போர்ட் பீரோவுக்குள் போனது.

போன மாதம் டீச்சருக்குக் கால் வீங்கியது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கல்லீரல் டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கல்லீரல் இறுகிவிட்டது, பழையபடி ஆகாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். சர்க்கரை உள்ளவர்கள் இந்தக் கொழுப்பைச் சும்மா விடக்கூடாது, அப்போதே எடையைக் குறைத்து அவ்வப்போது சோதித்துக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வராமல் பார்த்திருக்கலாம் என்று கோபமில்லாமல்தான் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவி மனுஷனுக்கு அழக்கூட வரவில்லை. சுவர்க் காலண்டரில் தேதியைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"இதப் பத்தி யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லலையாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

டீச்சர் லேசாகச் சிரித்தார். "அந்த ரிப்போர்ட்ட அடிச்சதே இவர்தான் டாக்டர். ஏதாவது இருந்திருந்தா என்கிட்ட சொல்லியிருக்க மாட்டாரா?"