பின்வரிசை எழுந்தபோது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இன்று ரயில் ஊதியதும் எண்பதுகளின் அந்தப் பள்ளி மண்டபம் நினைவில் திறந்தது. வரலாற்றுப் புதிர்ப்போட்டி. எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ்காரர்கள் வேன் பிடித்து வந்து, மைலோ பிளாஸ்க்குகளோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்ன பதில் சரியோ தப்போ, கைதட்டினார்கள்.

“ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதையைப் போட்டவர்கள் யார்?”

“நம்ம தமிழ் ஆளுங்க” என்றேன்.

“தவறு. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள்” என்றார் நடுவர். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது.

இம்முறை யாரும் கைதட்டவில்லை. பக்கத்து வீட்டு மேரி ஆன்டி எழுந்தார்.

“எங்கப்பா அங்கதான் போனாரு சார். இன்னும் வரல.”

ஒவ்வொருவராக, பின்வரிசை முழுவதும் எழுந்து நின்றது. நடுவரும் எழுந்தார்.

ரயில் கடந்துவிட்டது. சாலையோரத்தில் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.