வெயில்நாட்டில் வானப்பூ விரிந்த ஞாயிற்றுக்கிழமை

காலை 7.40. மதுரை மாட்டுத்தாவணியில் விருதுநகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து இருக்கைக்காரர் எங்கே பயணம் என்று விசாரித்தார். திருத்தங்கல் என்றேன். பட்டாசு வாங்கவா, காலண்டர் அடிக்கவா என்று கேட்டார். அந்தப் பக்கம் போவதற்கு மூன்றாவது காரணம் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நிஜத்தைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார் என்று பயந்து, காலண்டர் என்று சொல்லிவைத்தேன்.

நிஜம் இதுதான். நான் வெயில்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது எந்த வரைபடத்திலும் கிடையாது. திருத்தங்கலில் மூன்று பேர் ஞாயிறுதோறும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே கட்டி எழுப்பிய நாடு. ஒருவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்லுவார்கள். பலித்ததா இல்லையா என்பதை உருட்டும் காய் சொல்லும். நாக்பூரில் என் அலுவலக நண்பர்களோடு பத்து வருடமாக இதே விளையாட்டை ஆடுகிறேன். எங்கள் உலகம் எப்போதும் ஒரே மாதிரி: பனிமலை, கோட்டை, ஒரு டிராகன். வெயில்நாட்டில் எப்படிச் சமைப்பார்கள், எப்படிக் கல்யாணம் முடிப்பார்கள் என்று அந்த மூவரில் ஒருவரான பாண்டிச்செல்வி இணையக் குழுவில் எழுதியதைப் படித்த அன்றே நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு கிறுக்கு.

9.05. விருதுநகர். பொரித்த பரோட்டா இந்த நேரத்தில் கிடைக்காது என்று கடைக்காரர் இட்லியைத் தள்ளிவிட்டார். அந்த வருத்தத்தோடு சிவகாசி பஸ். திருத்தங்கல் இருபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட்டும் இருபத்திரண்டு ரூபாய். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பட்டாசு ஆலைகளின் தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள், அவற்றைச் சுற்றி வேப்பமரங்கள். வெயில் ஒன்பதரைக்கே மண்டையைப் பிளந்தது. நாடு தொடங்கிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

10.20. பாண்டிச்செல்வி வீட்டு மாடி. அவர் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிளுக்குப் படம் போடுகிறவர். மாடி அறை நிலைப்படியில் உள்ளங்கை அளவு செம்புத்தகடு ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார்.

“கையை வச்சு, கோவத்தை எறக்கிட்டு உள்ள வாங்கண்ணே. அங்கன அதான் வழக்கம்” என்றார்.

வைத்தேன். பட்டாசு ஆலையில் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்க இப்படித் தகட்டைத் தொடுவார்களாம். வெயில்நாட்டில் அதே தகடு கோபத்தை இறக்குகிறது. கல்யாண வீட்டுக்கும் உண்டு, சண்டைக்காரன் வீட்டுக்கும் உண்டு.

உள்ளே இரண்டு பேர். மாரிக்கனி வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண், முப்பது வயதிருக்கும். சண்முகவேல் லோடு வேன் ஓட்டுபவர். அச்சகத்தில் வீணாய்ப்போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்தான் அந்த நாட்டின் வரைபடம் இருந்தது. திருப்பிப் பார்த்தால் நிறம் தப்பி அடித்த முருகனுக்கு மூன்று மூக்கு.

வெயில்நாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தாலி கட்டும்போது மாப்பிள்ளை, பெண், பூசாரி, தாய்மாமன். பெற்றவர்கள் வாசலில் நின்றுதான் அட்சதை எறிய வேண்டும். எல்லா வீட்டுக்கும் எதிரெதிராக இரண்டு கதவு, இரண்டுமே வெளிப்பக்கம் திறக்கும், பகலில் சாத்தினால் பஞ்சாயத்து. உரசினால் பொறி பறக்கும் இரும்பு ஆகாது என்பதால் வீரர்கள் பித்தளை வாள் வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் விதைத்தவன் வீட்டில் பாயசம் வைத்து, வெடிமருந்து காயப்போட்டவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இதையெல்லாம் எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை என்றார்கள். பட்டாசு ஆலையில் பார்த்ததைத்தான் போட்டிருக்கிறார்களாம்.

11.00. ஆட்டம் தொடங்கியது. உலகத்தைச் சொல்பவர் பாண்டிச்செல்வி. மாரிக்கனியின் பாத்திரம் ஒச்சாயி. வெயில்நாட்டில், வானத்தில் ஏறி வெடித்து விரியும் வானப்பூ செய்கிறவள். பூவெல்லாம் மலைக்கு அப்பால் அரசன் ஊருக்குப் போய்விடும். செய்தவள் எவளும் அது விரிந்து பார்த்ததில்லை. தன் பூ ஒன்றாவது விரிவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒச்சாயி கிளம்பி, ஞாயிறு ஞாயிறாக இரண்டு வருடம் வண்டித்தடத்தில் நடந்து, இன்றுதான் அரசன் ஊர் எல்லையைத் தொட்டிருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து மாரிக்கனியின் ஆலையில் தீபாவளி சீசன். ஞாயிறும் வேலை. இன்று விட்டால் தீபாவளி கழிந்துதான். அதற்குள் அரசன் ஊர்த் திருவிழா முடிந்து ஒச்சாயியின் பூ வீணாகிவிடும் என்பது பாண்டிச்செல்வி போட்ட விதி. விதியை மாற்றச் சொல்லி மாரிக்கனி ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம்.

சண்முகவேலுக்கு வீரன் வேடம், எனக்கு வழிப்போக்கன் வேடம். மூவரும் அரசனின் பண்டசாலைக்குள் நுழைந்தோம். உள்ளே கும்மிருட்டு. பத்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? “தீப்பந்தம் கொளுத்துகிறேன்” என்றேன்.

சண்முகவேல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டார். நெருப்பு என்று யார் சொன்னாலும் வெயில்நாட்டில் மூன்று தடவை கேட்பார்களாம். பாண்டிச்செல்வி கேட்டார். நான் அதை நாடகப் பாணி என்று நினைத்து ஆமாம் என்றேன். இரண்டாம் தடவையும் ஆமாம் என்றேன். மூன்றாவதற்கு முன் மாரிக்கனி குறுக்கே புகுந்தார்.

“அண்ணே, அம்புட்டுப் பூவும் இதுக்குள்ளதான் இருக்கு. விடியட்டும், தேடுவோம்.”

அசடு வழிந்தேன். விடியும்வரை வாசலில் காத்திருந்து, ஒச்சாயியின் குறி போட்ட பூவை வெளிச்சத்தில் கண்டுபிடித்தோம். அரசனின் காவலனிடம் சண்முகவேல் தன் பித்தளை வாளையே கொடுத்து வழி வாங்கினார். மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம்.

பகல் 1.15. அங்கே காய் உருட்டுவது தாயக்கட்டையில். ஒச்சாயிக்கு மூன்று வாய்ப்பு. தாயம் விழுந்தால் பூ ஏறும், விழாவிட்டால் புஸ். முதல் உருட்டு நான்கு. இரண்டாவது ஆறு. மாரிக்கனி கட்டையை உள்ளங்கையில் வைத்து உரசிக்கொண்டே இருந்தார். இல்லாத நாட்டுப் பெண் ஒருத்தியின் பூவுக்காக நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன், சத்தியம்.

தாயம்.

சண்முகவேல் மேஜையைக் குத்தினார். நானும் கத்திவிட்டேன். பாண்டிச்செல்வி மட்டும் சிரித்துக்கொண்டே மாரிக்கனியைப் பார்த்தார். செயலைச் செய்தவரே அதன் காட்சியையும் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மேஜை வழக்கம். “சொல்லு மாரி, எப்படி விரிஞ்சுச்சு?”

மாரிக்கனி தாயக்கட்டையை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“எனக்குத் தெரியாதே” என்றார்.

கோயில் கொடை விழாவில் வானவெடி பார்த்திருக்கிறார். ஆனால் அவர் ஆலையில் மருந்து ரொப்புகிற பெரிய வானவெடி உருண்டைகள் எல்லாம் வடக்கேதான் போகின்றன. ஒன்றுகூட இங்கே வெடித்ததில்லை. பாண்டிச்செல்வியின் முகமும் மாறியது. அந்த உருண்டைப் பெட்டிக்கு லேபிள் போட்டவர் அவர்தான். கம்பெனி சொன்ன நிறத்தை வைத்துக் குத்துமதிப்பாக வரைந்தாராம். மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வடக்கே இருக்கிறவன்.

தீபாவளிக்குத் தீபாவளி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எப்போது ஓயும் இந்தச் சத்தம் என்று சலித்துக்கொள்கிறவன் நான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உருண்டையை எப்படி ரொப்புவீர்கள் என்று மட்டும் கேட்டேன். மணி மருந்து என்று சின்னச் சின்ன உருண்டைகள் உண்டு, அவைதான் வானத்தில் நிறமாக எரிகிறவை. வெளிச்சுற்றில் பச்சை மணியை நெருக்கி அடுக்கி, உள்சுற்றில் வெள்ளி மணியை வைத்து, நடுவில் கறுப்பு மருந்து என்று மாரிக்கனி விரலால் மேஜைமேல் வட்டம் போட்டுக் காட்டினார். ஒரு மணி தள்ளியிருந்தாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

“நீங்கள் அடுக்கிய அதே வரிசையில்தான் விரியும். வெளியே பெரிய பச்சை வட்டம், உள்ளே வெள்ளி” என்றேன், ஜன்னல் கண்ணாடி வழியே தப்பித் தவறிப் பார்த்தவற்றை நினைவுக்குக் கொண்டுவந்து.

“நான் வச்ச மாதிரியேவா?”

“அப்படியே. தெரு அகலத்துக்கு.”

மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். பச்சை எங்கே முதலில் பிரிந்தது, வெள்ளி எப்படி நடுவில் நின்று எரிந்தது, அரசன் ஊர் ஜனம் எப்படி அண்ணாந்து பார்த்தது என்று. பாண்டிச்செல்வி காலண்டர் தாளில் வேகவேகமாக எழுதினார். சொல்லி முடித்ததும் மாரிக்கனி என்னிடம் கேட்டார், எவ்வளவு நேரம் நிற்கும் என்று. மூன்று விநாடி என்றேன், மெதுவாக.

“போதும். ஒண்ணு ரொப்புறப்பவே அம்புட்டு நேரம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார்.

மாலை 4.30. மதுரை பஸ்ஸில் கூட்டம். வெயில் இறங்கியிருந்தது. நாக்பூரில் என் வீட்டுக்கு மொட்டைமாடி உண்டு. குடிவந்து ஆறு வருடத்தில் தீபாவளி இரவு ஒருநாளும் அங்கே ஏறியதில்லை. மாரிக்கனியின் எண்ணை வாங்கிவந்திருக்கிறேன். வெளியே பச்சையும் உள்ளே வெள்ளியுமாக ஒன்று ஏறினால், மூன்று விநாடிக்குள் வீடியோ அழைப்பு போட முடியாது. அதனால் தீபாவளியன்று சாயங்காலமே அழைத்து, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.